ரெப் சாரின் எருமைப் புத்தகம்

காரைக்குடியில் நாங்கள் போகும் குழந்தை டாக்டரின் கிளினிக்கில் மருந்துக் கம்பெனி ரெப்கள் நிற்பதற்கென்று ஓர் இடம் உண்டு. தண்ணீர் கேனுக்கும் செருப்பு விடும் இடத்துக்கும் நடுவில், சுவரை ஒட்டி. டோக்கன் வாங்கிய எல்லாரையும் பார்த்து முடித்த பிறகுதான் டாக்டர் அவர்களைக் கூப்பிடுவார். அதுவரை மற்ற ரெப்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் டை, மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும் கறுப்புப் பை. யாருக்கும் அவர் பெயர் தெரியாது. ரெப் சார் என்றால் மற்ற ரெப்கள் திரும்ப மாட்டார்கள், அவர் மட்டும்தான் திரும்புவார்.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தது என் மகள் தேன்மொழிக்கு மூன்று மாதத்தில் ஊசி போடப் போனபோது. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். ஏழெட்டு மாதப் பிள்ளை. அவன் அம்மா போனில் பாட்டுப் போட்டாள், பிஸ்கட் கொடுத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ரெப் சார் சுவரிலிருந்து நகர்ந்து வந்து இரண்டு கை தூரத்தில் நின்றார்.

"ஒரு புத்தகம் காட்டலாமாம்மா?"

அவள் என்ன ஏது என்று புரியாமல் தலையாட்டினாள். பையைத் திறந்து நாலு மூலையும் தேய்ந்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். உட்காரவில்லை. இடது கையில் புத்தகத்தைப் பிடித்து, வலது கையில் மூடிய பேனாவை வைத்துப் படத்தைத் தொட்டுக் காட்டினார். டாக்டரிடம் மருந்துப் படங்களைக் காட்டும்போது ரெப்கள் நிற்பார்களே, அதே நிற்பு.

"எருமை குளத்துக்குப் போகுது. எருமை முதுகுல கொக்கு ஏறிருச்சு."

பக்கத்தைத் திருப்பினார். கொக்குக்குப் பின்னால் தவளை. தவளைக்குப் பின்னால் ஒரு கோழிக்குஞ்சு. ஒவ்வொரு பக்கமும் எருமை முதுகில் ஓர் ஆள் கூடிக்கொண்டே போனது. பையன் அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் அழுதுகொண்டே பார்த்தான். கடைசிப் பக்கத்தில் எருமை குளத்தில் இறங்க, எல்லாரும் தண்ணீருக்குள் விழுந்தார்கள்.

"தொபுக்கடீர்" என்றார் ரெப் சார், குரலை உயர்த்தாமல், ஒரு மருந்தின் பெயரைச் சொல்வதுபோல.

பையன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பஞ்சு எடுத்துக் கை கழுவும் திரவத்தில் நனைத்து ஒவ்வொரு பக்கத்தையும் துடைத்து, காய விட்டு, புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டுத் தன் சுவருக்குத் திரும்பினார்.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் குன்றக்குடியில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். தினமும் நூறு பேரைப் பார்க்கிறேன். ஒரு காரணமும் இல்லாமல் இன்னொருவருக்கு உபகாரம் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்கோ ஒரு ஆம்பளை எதற்குப் புத்தகம் காட்ட வேண்டும்? மருந்து விற்கத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதையே ஒருவர் அவரிடம் நேராகக் கேட்டிருக்கிறார். டோக்கன் கொடுக்கும் அக்காதான் எனக்குச் சொன்னாள். ஒரு பிள்ளையின் அப்பா புத்தகத்தைப் பிடுங்கி, "பிள்ளையக் காட்டித்தான் யாவாரம் பாக்குறியா?" என்று சத்தம் போட்டாராம். ரெப் சார் அவர் கையிலிருந்த புத்தகத்தையே பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினாராம். எந்தப் பக்கத்திலும் கம்பெனி பெயர் இல்லை. பின்னட்டையில்கூட ஒரு ஸ்டிக்கர் இல்லை.

"அவுக மேனேஜரு ஒட்டச் சொன்னாராம். ஒவ்வொரு பக்கத்துலயும் இருமல் மருந்து ஸ்டிக்கரு. இவுக மாட்டேன்னுட்டாக" என்றாள் அக்கா. "எருமை மேல இருமல் மருந்து ஏறுனா பிள்ளைக கண்டுபிடிச்சிருவாகன்னு சொன்னாகளாம்."

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது.

அவரை வெளியிலும் பார்க்க ஆரம்பித்தேன். அல்லது, எப்போதும் இருந்தவர்தான், அப்போதுதான் என் கண்ணில் பட்டார். திங்கட்கிழமை ஆதார் வரிசையில் எங்கள் மையத்து வாசலிலேயே ஒருநாள் நின்றார். அவருக்கு வேலை அடுத்த கடையான மெடிக்கலில். வரிசையில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு வெயிலில் நின்றதைப் பார்த்துவிட்டு வந்தவர், அவள் வரிசை நகர நகரக் கூடவே நகர்ந்து, வாசற்படி வரை புத்தகம் காட்டிக்கொண்டு வந்தார். மெடிக்கல்காரர் அவருக்காகக் காத்திருந்தார்.

இன்னொரு நாள் பிள்ளையார்பட்டி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில். அது ரம்ஜான் நோன்பு மாதம். அவர் நோன்பு பிடித்திருந்தார், உதடு வெளுத்துப் போயிருந்தது. முன் இருக்கையில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம், கோயிலில் சோறூட்டப் போகிறார்கள். இரண்டும் மாற்றி மாற்றிக் கத்துகின்றன. இவர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு எருமையைத் திறந்தார். பஸ் குலுங்க, கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு, தொண்டை வறண்டு, பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த கண்டக்டர் சொன்னார், "தொபுக்கடீர்." பின்னால் கல்லூரிப் பெண்கள் சொன்னார்கள். அப்புறம் யார் யாரோ. பிள்ளைகள் இரண்டும் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் முழித்தன. ரெப் சார் அன்றைக்குச் சிரித்தார். பல்வரிசை தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் குடும்பம் கோயிலில் இறங்கியதும் எனக்கு அவர் பக்கத்து இருக்கை கிடைத்தது. தேன்மொழி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பித்தது இந்தப் பழக்கம் என்று கேட்டேன்.

"எம் பொண்ணால வந்ததும்மா" என்றார். "அவளுக்கு ஒன்பது மாசம். தேவகோட்டைலருந்து மதுரைக்கு பஸ்ல போறோம். ஏறுனதுலருந்து அழுகை. பஸ்ல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாக. எங்கிட்ட இருந்தது டாக்டருக்குக் காட்டுற ஃபைல்தான். ஈரல் படம், நுரையீரல் படம், குடல் படம். வேற வழியில்லாம அதத் தெறந்தேன். 'இது ஈரல், இது பித்தப்பை'ன்னு சொல்லிக்கிட்டே போனேன். மதுரை வரைக்கும் சத்தமில்லை. எறங்கும்போது ஈரலை விட மாட்டேன்னு அழுதா."

அடுத்த நாளே போய்ப் படப்புத்தகம் வாங்கினாராம். எருமைப் புத்தகம் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பார்த்தது. இன்னும் அச்சில் இருந்தது.

"பழைய புத்தகமாத்தான் வச்சிருக்கீக" என்றேன். பையில் நாலைந்து இருந்தன, எல்லாமே தாத்தா காலத்துப் படங்கள்.

"புதுசுல பக்கம் பூராவும் படம்மா. பிள்ளை எதைப் பாக்கும், எதை விடும்? இதுல பக்கத்துக்கு ஒரு ஆளுதான் வருவாக. அதான் இத்தனை வருசம் நிக்குது." பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் ஒண்ணும் வாசிக்கிறதில்லம்மா. புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு பிள்ளை கண்ணத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். வாசிக்கிறதெல்லாம் அவுகதான்" என்றார்.

"உங்க பொண்ணு இப்ப நல்லாப் படிக்குமே?"

"கல்லூரில படிக்குது. புத்தகத்தக் கண்டாலே ஆகாது" என்றார், வருத்தமே இல்லாமல்.

அவர் பிள்ளைகளின் கண்ணைத்தான் பார்க்கிறார் என்பதை நான் அன்று பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

தேன்மொழிக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தபோது சளி பிடித்துக்கொண்டது. சாயங்காலம் கிளினிக்குக்குப் போனேன். என் கணவர் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரிடம் வேன் ஓட்டுகிறார். முகூர்த்த நாள், அவரால் வர முடியவில்லை. கூட்டம் நிறைய. முப்பத்தெட்டாவது டோக்கன். ரெப் சார் தன் சுவரிலிருந்து எங்களைப் பார்த்தார், நானே கூப்பிட்டேன். "தேனுக்கு எருமை காட்டுங்க சார்" என்றேன்.

அவர் என் வலது கைப்பக்கம் நின்று காட்டினார். தேன்மொழி என் மடியில் முன்னோக்கி உட்கார்ந்திருந்தாள். கொக்கைப் பார்த்ததும் இரண்டு காலையும் நீட்டி உதைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது யாரோ தண்ணீர் பிடிக்க வந்ததால் அவர் வழிவிட்டு என் இடது பக்கம் வந்து நின்றார். தவளைப் பக்கத்தைத் திருப்பினார். தேன்மொழி திரும்பவில்லை. பேனாவால் அட்டையைத் தட்டினார். சத்தம் கேட்டுத் தலையை முழுதாக அந்தப் பக்கம் திருப்பினாள், மூக்கு புத்தகத்தைத் தாண்டும் அளவுக்குத் திருப்பினாள். அப்புறம்தான் கால் உதைத்தாள்.

அவர் மறுபடி வலது பக்கம் போனார். மறுபடி இடது பக்கம் வந்தார். புத்தகத்தைத் தாழ்த்தினார், உயர்த்தினார். தேன்மொழி சளித் தொல்லையில் வலது கன்னத்தை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டபோது அவளுடைய இடது கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அப்படி ஒன்று அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எருமை இன்னும் குளத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவர் புத்தகத்தை மூடினார். பாதியில் அவர் மூடி நான் பார்த்ததில்லை.

"அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பாப்பா இடது கண்ணால பாக்குற மாதிரி தெரியலம்மா. உள்ள போறப்ப டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. டார்ச் அடிச்சுப் பாக்கட்டும்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா."

"பின்ன எதை வச்சுச் சொல்றீக?"

"நெறைய பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கேம்மா. அதான்..."

"மருந்து விக்க வந்தா விக்கிறதோட நிறுத்திக்கணும். எம் பிள்ளைக்கு நொட்டை சொல்ல நீங்க யாரு?"

நான் எழுந்துவிட்டேன். டோக்கன் அக்காவிடம் போய், இனிமேல் இந்த ஆள் பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் நாங்கள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு மூன்று தாய்மார்கள் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அதே பெண்கள்தான் போன மாதம் அவரிடம் புத்தகம் காட்டச் சொல்லிக் கேட்டவர்கள். ரெப் சார் பையிலிருந்து பஞ்சை எடுத்தார். புத்தகத்தைத் துடைத்தார். பஞ்சு கை நழுவி விழுந்தது, குனிந்து எடுத்தார். என் டோக்கன் வந்து உள்ளே போனபோது சளிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர் அரிவாளைத் தேடாத குறைதான். "எங்குட்டு நிப்பான் அந்த ஆளு?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு நாள் அலைந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பால் கொடுத்துவிட்டு மடியில் கிடத்தியிருந்தபோது, என்னை அறியாமல் தேன்மொழியின் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். மறு கையில் அவளுடைய மஞ்சள் கிலுகிலுப்பையைச் சத்தம் வராமல் தூக்கிப் பிடித்தேன். அவள் அழுதாள். கையைத் தட்டிவிடப் பார்த்தாள். இடது கண் எங்கேயோ பார்த்தது. கையை மாற்றி இடது கண்ணை மூடினேன். அழுகை நின்றது. கிலுகிலுப்பையை நோக்கிக் கை நீட்டிச் சிரித்தாள்.

பத்துத் தடவை செய்திருப்பேன். பத்துத் தடவையும் அப்படியே.

கணவர் வந்ததும் அவரும் செய்து பார்த்தார். மறுநாள் காலையில் கிளினிக் திறக்கும் முன்பே போய் நின்றோம். டாக்டர் டார்ச் அடித்தார். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தார். "யாரு கவனிச்சது?" என்று கேட்டார். நான் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன். மதுரைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பிறவியிலேயே இடது கண்ணில் சின்னதாகப் புரை இருந்திருக்கிறது. மாதத்துக்கு மாதம் வளர்ந்திருக்கிறது. மதுரையில் கண் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள். கண் கெட்டுப்போகவில்லை, ஆனால் ஒளி போகாத கண்ணை மூளை கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருக்கிறது. "ஒரு வயசுக்கு மேல கொண்டுவந்திருந்தா நான் ஆபரேஷன் செஞ்சிருப்பேன். ஆனா மூளை அந்தக் கண்ணை எடுத்துக்கிட்டிருக்காது. சரியான நேரத்துல கவனிச்சிருக்கீங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டது இன்றைக்கும் என் கையில் உறுத்துகிறது.

அதே வாரம் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. கனத்த கண்ணாடி ஒன்று. அதோடு, நல்ல கண்ணான வலது கண்ணைத் தினமும் சில மணிநேரம் பிளாஸ்திரி போட்டு மூடி வைக்க வேண்டும். அப்போதுதான் இடது கண் வேலை செய்யும். மூடினால் பிள்ளை பிய்த்து எறிவாள். பார்ப்பதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் விட்டுவைப்பாள். "பெரிய படம், தெளிவான கோடு, ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. அப்படிப் புத்தகம் இருந்தா காட்டுங்க" என்றார்கள் டாக்டரம்மா. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அப்படித்தான் என் பையில் படப்புத்தகம் ஏறியது. மதுரைக்குப் போகிற பஸ்ஸில், ரேஷன் வரிசையில், குன்றக்குடி மலைப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில், நான் பிள்ளைக்குப் புத்தகம் காட்டினேன். எருமைப் புத்தகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதன் பெயரே எனக்குத் தெரியாது. பக்கங்களைத்தான் பார்த்திருந்தேன், அட்டையில் எழுதியிருந்ததை ஒருநாளும் வாசிக்கவில்லை. பெயர் தெரியாமல் கடைக்காரர் என்ன எடுத்துத் தருவார்.

அவர் கிளினிக்குக்கு வருவதில்லை. நான் சத்தம் போட்ட மறுவாரமே, இனிமேல் புத்தகத்தோடு உள்ளே வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டோக்கன் அக்கா சொன்னாள், அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர்தான், அப்புறம் புத்தகம் இல்லாமலும் வரவில்லை. அவருடைய மேனேஜர் அவரைப் பரமக்குடிப் பக்கம் மாற்றிவிட்டதாக இன்னொரு ரெப் சொன்னார். "இந்தப் பக்கத்துல பெரிய டாக்டரயே பாக்கப் போகலன்னா கம்பெனில சும்மா விடுவாகளா" என்றார். நம்பர் கேட்டு வாங்கினேன். வாங்கிய நம்பரை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். அடிக்கத் துணிவில்லை. டாக்டரிடம் மட்டும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இப்போது அவர் ஊசி போட வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணை ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கிறார்.

தேன்மொழிக்கு இரண்டரை வயது ஆனபோது மதுரையில் பார்வையை அளந்து பார்த்துவிட்டு, நாங்கள் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். அன்று ஊர் திரும்பியதும் போன் அடித்தேன்.

யார் என்று எப்படிச் சொல்வது? "சார், காரைக்குடி கிளினிக்ல உங்கள..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"கொக்கைப் பாத்து ரெண்டு காலையும் நீட்டுன பாப்பாவாம்மா?" என்றார் அவர்.

போனை என் கணவர் வாங்கிப் பேசினார். சனிக்கிழமை சாயங்காலம் பரமக்குடியிலிருந்து வந்து, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தேவகோட்டை பஸ் பிடிப்பாராம். அங்கே பார்க்கலாம் என்றார்.

போனோம். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தலையில் நரை கூடியிருந்தது. பை அதே பை. எங்களைப் பார்த்ததும் இரண்டு கை தூரத்திலேயே நின்றுகொண்டார். நான் என்னென்னவோ சொல்லத் தயாராகப் போயிருந்தேன். "உங்க பொழப்பக் கெடுத்துட்டேன் சார்" என்பதுதான் வந்தது.

"விடுங்கம்மா. போய்ப் பாத்தீகல்ல, அது போதும்" என்றார்.

என் கணவர் முன்னால் வந்தார். "அன்னைக்கு நான் உங்களத் தேடி ரெண்டு நாள் அலைஞ்சேன் சார். அடிக்கிறதுக்கு."

"ஆப்புட்டிருந்தா நல்லதாப் போச்சு" என்றார் ரெப் சார். "அடி வாங்கிக்கிட்டே இன்னொரு தடவ சொல்லியிருப்பேன்."

மூன்று பேருமே சிரித்தோம். டீ வந்தது. அவர் கொஞ்ச நேரம் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சும்மா சொல்லலம்மா" என்றார் பிறகு. "முன்னாடி ஒரு பிள்ளை. இதே மாதிரிதான், ஒரு பக்கம் காட்டுனா பாக்கும், மறுபக்கம் பாக்காது. எனக்குத் தெரிஞ்சுச்சு. நாம யாரு சொல்ல, சொன்னா அவுக மனசு என்ன பாடுபடும், தப்பாப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு பேசாம இருந்துட்டேன். நாலு வருசங்கழிச்சு அந்தப் பையனப் பாத்தேன். ஒரு கண்ணு போயிருச்சு. அவுக அம்மா எங்கிட்ட நல்லாத்தான் பேசுனாக. அதே எருமையக் காட்டச் சொன்னாக. காட்டுனேன்." அவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். "உங்க பாப்பாவுக்குக் காட்டுனப்ப அவன்தாம்மா ஞாபகத்துல இருந்தான். நீங்க சத்தம் போட்டப்பகூட எனக்கு வலிக்கல. சொல்லிட்டோம்னுதான் இருந்துச்சு."

நான் அவரைக் கும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் பார்த்தார்கள். அவர் பதறி, கும்பிடாதீங்கம்மா என்று சொல்லிக்கொண்டே தேன்மொழி பக்கம் திரும்பினார். அவள் வலது கண்ணில் பிளாஸ்திரியோடும் கனத்த கண்ணாடியோடும் அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புத்தகம் காட்டலாமா?" இந்தத் தடவை அவளிடமே கேட்டார்.

"காட்டு" என்றாள்.

என் கணவர் அவளைப் பெஞ்சில் ஏற்றி உட்காரவைத்தார். ரெப் சார் அவளுக்கு இடது பக்கமாக வந்து நின்றார். புத்தகத்தைப் பிடித்தார். பேனாவை எடுக்கவில்லை. எருமை குளத்துக்குப் போனது. கொக்கு ஏறியது. தவளை ஏறியது. தேன்மொழியின் இடது கண் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது, அவர் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழிக்குஞ்சுப் பக்கத்தில் அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டான்" என்றாள்.

"எங்கம்மா?"

படத்தின் ஓரத்தில், குளத்துக் கோரைப்புல்லின் நுனியில், அவள் சுண்டுவிரலை வைத்தாள். நானும் குனிந்து பார்த்தேன். நகத்தளவு ஒரு தட்டான். மங்கலான நீலத்தில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது.

ரெப் சார் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சின்னப் பிள்ளைலருந்து இதப் பாக்குறேன்" என்றார் மெதுவாக. "பக்கத்துக்கு ஒரு ஆளுதான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

தேன்மொழி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் தயங்கி என் கணவரைப் பார்த்தார். "உக்காருங்க சார்" என்றார் அவர்.

ரெப் சார் உட்கார்ந்தார். தேன்மொழி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். வேறு யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று இரண்டு பேரும் ஓரம் ஓரமாகத் தேட ஆரம்பித்தார்கள். தேவகோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை ஊர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பஸ் கிளம்பிப் போனது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.